மைதானம் நனைந்திருக்கிறது

பதினேழாவது கேள்விக்குத் தப்பான வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டார் பலவேசம். பேனா மை. அழிக்க முடியாது. அழித்தால் மிஷின் படிக்காது என்று மேற்பார்வைக்கு வந்த டீச்சர் மூன்று தடவை சொல்லியாயிற்று. தப்பு என்று எப்படித் தெரிந்தது? வட்டத்தை விளிம்பு பிசகாமல் நிரப்பிப் பேனாவை எடுத்தார். எடுத்ததும், இல்லாத படியில் கால் வைத்த மாதிரி வயிறு ஒருதரம் விழுந்தது. அவ்வளவுதான். மறுபடி கேள்வியைப் படித்தார். மழை பெய்தால் மைதானம் நனையும். மைதானம் நனைந்திருக்கிறது. ஆகவே? அ, மழை பெய்தது. ஆ, மழை பெய்யவில்லை. இ, இனி மழை பெய்யும். ஈ, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதில் யோசிக்க என்ன எழவு இருக்கிறது? நனைந்தால் மழை. சின்னப்பிள்ளை சொல்லும். அதைத்தான் அவரும் சொன்னார், 'அ'. பிறகு எதற்கு வயிறு விழுகிறது? காலையில் பசியாறாதது காரணமாக இருக்கலாம். பெண்டாட்டி செண்பகம் இட்லி வைத்தாள், ஒன்றைப் பிட்டுவிட்டு எழுந்தார். பெஞ்சு வேறு ஆறாங்கிளாஸ் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் மேஜையில் இடிக்கிறது. ஐம்பத்தெட்டு வயசு முழங்கால். முப்பத்திரண்டு வருஷம் கரண்டுக் கம்பம் ஏறின முழங்கால். லைன்மேனாகவே ரிட்டயர் ஆகப் போறீகளா என்று செண்பகம் கேட்டுக் கேட்டு, லைன் இன்ஸ்பெக்டர் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வந்தவளும் அவள்தான். இனி ஒரு பரீட்சை வராது. இதை விட்டால் கம்பம்தான், கடைசி நாள் வரை. கேள்வித்தாள் தலைப்பில் கட்டம் கட்டிப் போட்டிருந்தான்: 'கூற்றுகள் உலக நடப்புக்கு மாறாக இருந்தாலும் அவை உண்மை என்றே கொள்க.' எவன் எழுதினது இது? உலக நடப்புக்கு மாறாக இருந்தால் அது பொய். பொய்யை உண்மை என்று கொள்கிறவன் கம்பத்தில் ஏறினால் பொசுங்கிப் போவான். விரலிடுக்கில் என்னவோ பிசுபிசுத்தது. கையில் இல்லை, காலில். சேறு. பள்ளிக்கூட வாசலில் செருப்போடு சேற்றில் இறங்கி, வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தார். இப்போது காய ஆரம்பித்து விரல்களை இழுத்துப் பிடிக்கிறது. விடிஞ்சிட்டுல்லா, என்றது ஒரு பொம்பளைக் குரல், காதுக்குள். யார் குரல்? எங்கே கேட்டது? தெரியவில்லை. எட்டு வருஷமாக இப்படி அகாலத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும். விடிஞ்சிட்டுல்லா. விடிந்தால் என்ன? இப்போது மணி பத்தே முக்கால்.

மூன்று வரிசைக்கு முன்னால் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். அவரும் இதே பரீட்சைதான், இன்ஸ்பெக்டர் கம்பம் ஏறவேண்டியதில்லை. இடது கையால் எழுதுகிறார். வலது சட்டைக்கை முழங்கைக்குக் கீழே மடக்கி ஊக்கு குத்தியிருக்கிறது. அங்கே பார்க்கக்கூடாது என்று பலவேசம் காலையிலேயே முடிவு செய்துகொண்டார். முடிவு செய்த நேரத்திலிருந்து அங்கேதான் பார்க்கிறார். அந்தக் கையை வாங்கினது லைன். லைனில் கரண்டை விட்டது சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் ஐயம்பெருமாள். ஐயம்பெருமாள் வேறு யாரும் இல்லை, செண்பகத்தின் அண்ணன், அவருக்கு மச்சான். விசாரணையில் பலவேசம் அதைத்தான் சொன்னார். சொந்தம் என்று பார்க்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? எட்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாசம், விடிகாலை, தூறல். ராத்திரிக் காற்றில் புளியங்கிளை ஒன்று முறிந்து மெயின் ரோட்டுக் கம்பியில் தொங்குகிறது. இவரும் கோமதிநாயகமும் போகிறார்கள். சப்ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறார். மச்சான், லைன நிப்பாட்டும். சரி, நிப்பாட்டுதேன். எதிரே டீக்கடை, வாசலில் குண்டு பல்பு எரிகிறது. லைன்காரன் எவனும் செய்கிற காரியம்தான், பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். லைன் நின்றால் பல்பு அணையும். அணைந்தது. லைன் நின்னுட்டு, ஏறும்வே, என்றார். கோமதிநாயகம் ஏறினார். ஏறி, கையை நீட்டி... அதற்குமேல் வேண்டாம். ஆகவே நடந்தது என்ன? நிறுத்தினான், மறந்து திருப்பிப் போட்டான். போன் வந்திருக்கும், கொட்டாவி வந்திருக்கும், போட்டுவிட்டான். பல்பு அணைந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று பலவேசம் அடித்துச் சொன்னார். லைனை நிறுத்தவே இல்லை, ஐந்து நிமிஷம் ஆகும் என்றுதானே சொன்னேன் என்றான் ஐயம்பெருமாள். சப்ஸ்டேஷன் நோட்டைக் கொண்டுவந்து பார்த்தார்கள். நிறுத்தினதாக ஒரு வரிகூட இல்லை. பார்த்தீரா, எழுதாமல் விட்டிருக்கான், அதுவே அத்தாட்சி என்றார் பலவேசம். எல்லாரும் தலையாட்டினார்கள். மச்சானுக்கு ஆறு மாசம் சஸ்பெண்டு. அப்புறம் மலையடிவாரத்தில் ஒரு சப்ஸ்டேஷன், பஸ்கூட ஒழுங்காகப் போகாத ஊர். போகட்டும். கை போனவனைவிடவா?

பதினெட்டாவது கேள்வி. எல்லா நாற்காலிகளும் பூனைகள். சில பூனைகள் மேகங்கள். ஆகவே சில நாற்காலிகள் மேகங்கள், சரியா தப்பா. பலவேசம் நான்கு தடவை படித்தார். நாற்காலி எப்படிப் பூனையாகும்? ஆகும் என்று கொள்க என்கிறான். சரி, கொண்டாயிற்று. பூனைமேல் உட்கார்ந்தாயிற்று. மேகம் எங்கே இருந்து வந்தது? சில பூனைகள் மேகம். எந்தப் பூனை? நாற்காலியாக இருக்கிற பூனையா, சும்மா இருக்கிற பூனையா? அதை ஏன் சொல்லமாட்டேன் என்கிறான்? பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தன் மளமளவென்று கறுப்பாக்கிக்கொண்டு போகிறான். நாற்பதைத் தாண்டியிருப்பான். இவருக்கு இன்னும் பதினேழு விடவில்லை. மழை பெய்தால் நனையும். சரி. நனைந்திருக்கிறது. சரி. இரண்டும் சரி. பிறகு எங்கே இடிக்கிறது? முதல் வரியில் இடிப்பு இல்லை. இரண்டாவது வரியில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று ஆடுகிறது, கம்பத்தில் கட்டின கயிறு இளகின மாதிரி. கல்யாணக் காகிதம் ஏன் இப்போது ஞாபகம் வரவேண்டும்? போன தை மாசம் ஐயம்பெருமாள் மகளுக்குக் கல்யாணம். மஞ்சள் தடவின பத்திரிகை, தபாலில் வந்தது. செண்பகம் அதைப் பிரிக்காமல் அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். நீ போணும்னா போ என்றார். அவள் சோறு வைத்தாள். ரசம் ஊற்றினாள். தாய்மாமன் பெண் கல்யாணத்தன்றைக்கு அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டும் ஒன்றும் நடக்காத மாதிரி பம்பாயில் இருந்தன. ஊரில் இல்லைதான். ஆனாலும். அதற்கும் முன்னால், மூன்று வருஷமோ நான்கு வருஷமோ, ஆபீசிலிருந்து ஒரு பழுப்புக் கவர் அவர் பேருக்கு வந்தது. பிரித்து, 'பொருள்: ஆபரேட்டர் ஐயம்பெருமாள்' என்று பார்த்ததுமே இரண்டாகக் கிழித்தார். மறுபடி அப்பீல் போட்டிருக்கான் என்று தெரிந்துபோயிற்று. படிக்காமலே எப்படித் தெரிந்தது? அவன் பேர் இருந்தது, தெரிந்தது. நனைந்திருந்தது, மழை. அணைந்திருந்தது, லைன். சே. "சார், நேரா உக்காருங்க, பக்கத்துல பாக்காதீங்க," என்றாள் டீச்சர். "நான் எங்கம்மா பாத்தேன்? அவம்மட்டும் என்ன தெரிஞ்சா போடுதான்?" என்றார் பலவேசம். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே பார்க்க யார் என்ன சொல்வது? வெளியே பள்ளிக்கூட மைதானம். சுள்ளென்று வெயில். விளையாட்டு விழாவோ என்னவோ, கோலப்பொடியில் கோடு போட்டிருந்தது. ஒரு பொம்பளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரப்பர் குழாயைப் பிடித்துப் புழுதி அடங்கத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மைதானம் பாதி நனைந்திருந்தது, பாதி வெள்ளையாகக் கிடந்தது. நனைந்த பக்கம் வாசல் வரைக்கும் ஓடிச் சேறாகியிருந்தது. பலவேசம் அந்தச் சேற்றைப் பார்த்தார். குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். மறுபடி சேற்றைப் பார்த்தார். பத்து நாளாக ஒரு சொட்டு மழை கிடையாது. இந்தச் சேற்றை மிதித்துத் திட்டிவிட்டு வந்து, அதே காலோடு உட்கார்ந்து, மழை பெய்தது என்று கறுப்பாக்கினவர் இவர். மழை பெய்தால் நனையும். குழாய் விட்டாலும் நனையும். யாரும் குழாயைப் பற்றிச் சொல்லவில்லையே? சொல்லவேண்டாம். சொல்லாவிட்டாலும் குழாய் இருக்கும். ஈ. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவ்வளவுதானா? இதற்கா வயிறு விழுந்தது? ஒரு மார்க்கு, போனால் போகட்டும். ஆனால் வயிறு எழுந்திருக்கவில்லை. இன்னும் கீழே போனது. லைன் நின்றால் பல்பு அணையும். பல்பு அணைந்தது. ஆகவே? அவர் பேனாவை மூடினார். திறந்தார். பல்பு வேறு எதற்கு அணையும்? பீஸ் போனால் அணையும். பல்பே போனால் அணையும். காற்றில் ஒயர் நழுவினால் அணையும். அப்புறம், அப்புறம், சுவிட்சை யாராவது... விடிஞ்சிட்டுல்லா. டீக்கடை காந்திமதி! அவள் குரல்தான். கோமதிநாயகத்தைக் கீழே கிடத்தியிருக்கிறது, அவள் சொம்பில் தண்ணீர் கொண்டு ஓடிவருகிறாள். இவர் பைத்தியக்காரன் மாதிரி, லைட்டு அணைஞ்சுதே, நான் பாத்தேனே, அணைஞ்சுதே என்று கத்திக்கொண்டிருக்கிறார். தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள், நான்லா அணைச்சேன் அண்ணாச்சி, விடிஞ்சிட்டுல்லா, எதுக்கு வீணா எரியுதுன்னு. சொன்னாளா? சொன்னாள். காதில் விழுந்ததா? விழுந்தது. விழாமலா எட்டு வருஷம் இருக்கும்? விழுந்ததை எங்கே வைத்தார்? அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாவற்றையும் புதைத்துவிட்டார். தூறல் நின்று கிழக்கே வெளுத்தது. அவள் பல்பை அணைத்தாள். தினம் அணைக்கிற நேரம். தினம் அணைக்கிற கை. அப்படியானால் போனில் மச்சான் என்ன சொன்னார்? சரி, நிப்பாட்டுதேன். அவ்வளவா? சரி, நிப்பாட்டிட்டுக் கூப்பிடுதேன். அதுவும் இல்லை, இன்னும் இருக்கிறது, இன்னும் நீளம். சரி, ஒரு அஞ்சு நிமிசம் பொறும், நிப்பாட்டிட்டுக் கூப்பிடுதேன், நான் கூப்பிடாம ஆளை ஏத்திராதீரும். ஏத்திராதீரும். அதைச் சொன்னது மச்சான். ஏறும் என்று சொன்னது யார்? கம்பியில் மாட்டித் தரையில் சேர்க்கவேண்டிய எர்த் ராடு எங்கே கிடந்தது? வண்டியில். மாட்டச் சொல்லவேண்டியது யார்?

எட்டு வருஷமாக அவர் யாரையும் ஏறு என்று சொன்னதில்லை. எந்தக் கம்பமானாலும் தானே ஏறுவார். உம்ம வயசுக்கு இது தேவையா என்று சின்ன ஆட்கள் கேலி செய்வார்கள், பெரிசு கம்பத்தைக் கட்டிக்கிட்டே சாகும் என்பார்கள். ஏன் என்று அவருக்கே தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். தெரியாமல் இருந்திருக்குமா? மேலே இருக்கிற தலைக்குத் தெரியாதது கீழே இருக்கிற முழங்காலுக்குத் தெரிந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஆனால் என்ன வேலை? ஏறு என்று சொல்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதுதான். அதற்கா பரீட்சை எழுத வந்தார்? பதினெட்டு, பத்தொன்பது, இருபது, வட்டங்கள் வெள்ளையாக, கண் திறந்த மாதிரி வரிசையாக இருந்தன. நாற்காலி பூனையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கேள்வித்தாளின் கடைசிப் பக்கம் காலி. 'கணக்குப் போட்டுப் பார்க்க' என்று மேலே அச்சடித்திருந்தது. பலவேசம் அதில் எழுத ஆரம்பித்தார். 'ஐயா, அன்று டீக்கடை விளக்கு அணைந்ததை வைத்து லைன் நின்றுவிட்டது என்று நானாக முடிவு செய்தேன்.' நானாக என்பதை அடித்தார். மறுபடி எழுதினார். 'ஆபரேட்டர் கூப்பிடாமல் ஆளை ஏற்றினது நான். அவர் நிறுத்தவும் இல்லை, ஆகவே திருப்பிப் போடவும் இல்லை.' ஆகவே. இந்த ஆகவேயாவது நிற்குமா? கம்பத்தைச் சோதிக்கிற மாதிரி, மனசால் ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். நிறுத்தாததைத் திருப்பிப் போட முடியாது. நிற்கும். கண் எரிந்தது. ஃபேன் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, அதனால். வேறு எதனால்? உறுதியாகச் சொல்ல முடியாது. மணி அடித்தது. டீச்சர் வந்து விடைத்தாளைப் பார்த்தாள். "என்ன சார், பதினேழோட நிறுத்திட்டீங்க?" என்றாள். கேள்வித்தாளையும் வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இதெல்லாம் யாரும் பாக்கமாட்டாங்க சார். கட்டி உள்ள போட்டுருவாங்க." "எழுதியாச்சு," என்றார் பலவேசம். "எழுதினது எழுதினதுதான். எடுத்துட்டுப் போம்மா." அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

வராந்தாவில் கோமதிநாயகம் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். இடது கையில் பேனா மை.

"பதினேழுக்கு என்னவே போட்டீரு?" என்றார்.

"மழை பெய்ததுன்னு."

கோமதிநாயகம் அவர் காலைப் பார்த்தார். "சேற்றை மிதிச்சுக்கிட்டா? வெளங்கும்."

பலவேசம் சிரிக்கவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஐயம்பெருமாள் அன்னைக்கு லைன நிப்பாட்டவே இல்லவே."

"ஆமா."

"நிப்பாட்டியிருந்தாத்தான திருப்பிப் போட?"

"ஆமா."

"என்னவே, ஆமா ஆமாங்கீரு? ஒம்ம ஏத்தினது நான். கை போனது என்னால."

"ஏறினது நாந்தான? எர்த் ராடை எடுத்துட்டு வாரும்னு நானும் கேக்கலையே." கோமதிநாயகம் மடக்கின சட்டைக்கையை லேசாகத் தட்டிக்கொண்டார். "ரிக்கார்டு செக்ஷன்ல கெடக்கேன். எனக்குத் தெரியாத ஃபைலா? நாலு வருசம் ஆச்சு, ஒம்ம மச்சான் மேல தப்பு இல்லன்னு ஆர்டர் போட்டு. மறு விசாரணைக்கு ஒம்மையும் கூப்பிட்டாவ. கடுதாசி வந்துச்சா இல்லையா?"

பழுப்புக் கவர். இரண்டு துண்டு. "வந்துச்சு," என்றார். "கிழிச்சுட்டேன்."

"கிழிப்பீரு. அந்தப் பேரை எடுத்தாலே சோத்துத் தட்டு பறக்கும். ஒம்மகிட்ட எவம் வந்து சொல்லுவான்?"

"செண்பகத்துக்கு?"

"அண்ணன் சங்கதி தங்கச்சிக்குத் தெரியாம இருக்குமா?"

பலவேசம் மைதானத்தின் பக்கம் திரும்பினார். நான்கு வருஷம். ரசம் ஊற்றினாளே. ஒன்றும் சொல்லாமல் ஊற்றினாளே. வெளியே குழாய்க்காரி மீதிப் பாதியையும் நனைத்து முடித்திருந்தாள். இப்போது வந்து பார்க்கிறவனுக்கு மழைதான்.

"யாருவே போய்ச் சொன்னது?" என்றார். மறுபடி கேட்டார். "ஆபீசுக்கு யாரு போனது?"

"மூணு தடவை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாவ. நாலாவது தடவை பல்பைக் கழத்தி முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து, பெரிய அதிகாரி மேசையில வச்சா. இந்த லைட்டை அன்னைக்கு அணைச்சது என் கைதான், எழுதிக்கிடுங்கன்னா. ஒருத்தரு எழுத, கைநாட்டு வச்சுட்டுப் போனா."

பேரைச் சொல் என்பது போலப் பலவேசம் பார்த்தார். தெரிந்த பேர்தான். ஆனாலும் இந்தத் தடவை அவராக முடிவு செய்வதாக இல்லை. இன்னொருத்தர் வாயால் வரவேண்டும்.

"வேற யாரு?" என்றார் கோமதிநாயகம். "டீக்கடைக் காந்திமதி."